எட்டுக் கட்டில் சீதன வீடு

சண்முகநாதன் சேருக்கு என் கட்டடத்தின் வெளித்தோற்றம் பிடித்திருந்தது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மனுசன் என் கழுத்தை அறுத்தார்.

“பாலேஸ்வரி, வெளியிலை நல்ல வடிவு. கூரை வடிவு, விறாந்தை வடிவு. உள்ளுக்கை ஆரும் போறேல்லையோ?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. “நடக்க இடம் விட்டிருக்கிறன் சேர்” என்று வாய்காட்டினேன்.

“விட்டிருக்கிறீர். கோழி நடக்கும்” என்றார்.

எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பின் இரண்டாம் வருட ஒப்படை அது. ஒரு கிராமத்துக்கு ஏற்ற, எட்டுக் கட்டில் போட்ட மகப்பேற்று மனை ஒன்றை வரைய வேண்டும். வெளிச்சுவரும் கூரையும் முன்பே ஒப்பேறிவிட்டன. இனி உள்ளே இருக்கும் இடங்களை யோசித்து வளர்க்க வேண்டும். எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை, கதவு எந்தப் பக்கம் திறக்கும், நோவில் இருக்கும் தாயைத் தள்ளிவரும் வண்டில் எங்கே திரும்பும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். நானோ பெட்டி பெட்டியாகக் கீறி, பெட்டிக்குள் பெயரை எழுதி, வேலை முடிந்தது என்று கொடுத்திருந்தேன்.

“வாற வெள்ளிக்கிழமை திருத்திக் கொண்டு வாரும். உள்ளுக்கை ஆக்கள் உலாவ வேணும். இல்லாட்டில் இந்த வருஷம் பாஸ் போடமாட்டன்.”

பெயில் என்றால் மற்றவர்களுக்கு ஒரு வருடம் வீண். எனக்கு அதோடு படிப்பே போச்சு. ஐயா சொல்லி வைத்திருந்தார். ஐயா என்றால் கோப்பாயில் தோட்டம் செய்யும் கனகலிங்கம், என்னைப் பெற்றவர். “பாஸ் பண்ணினால் மேலை படி. பெயில் எண்டால் கலியாணம். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வரக்கூடாது” என்று அம்மாவுக்கு முன்னால் வைத்தே சொன்னவர். சொன்ன சொல்லை மாற்றாத மனுசன் என்று ஊரில் பெயர் வேறு. அதனால் வீட்டில் நான் மூச்சும் விடவில்லை.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. சண்டையால் அரசாங்கம் தடை போட்டு, சீமெந்து, பெற்றோல், பற்றரி ஒன்றும் யாழ்ப்பாணத்துக்குள் வராத காலம். நல்ல வரைதாளும் வருவதில்லை. என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தாள். அதில் கீறி, அழித்து, திரும்பக் கீறினால் தாள் கிழிந்துவிடும். ஆகவே முதலில் வேறு எங்காவது பிழை விட்டுப் பழக வேண்டும். எங்கே விடுவது என்று யோசித்தபோது, வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத் தறையில் வெங்காயம் கிண்டி முடிந்து, செம்மண் நிலம் வெறுமனே கிடந்தது கண்ணில் பட்டது.

என்னோடு படிக்கும் சிசிலியாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, “உனக்கு விசரோடி?” என்றாள். ஆனாலும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். முளை அடித்து, கயிறு பிடித்து, கடகத்தில் அள்ளிய அடுப்புச் சாம்பலால் சுவர் போட்டோம். வரைபடத்தில் இருந்த கட்டடம் முழு அளவில் தரையில் கிடந்தது. கதவு வரும் இடங்களில் சாம்பலை விட்டுவிட்டோம். கட்டிலுக்குப் பாய். பிறந்த பிள்ளையைக் கிடத்தப் பாய்க்குப் பக்கத்தில் சுளகு. எட்டுப் பாய்க்கும் எட்டுச் சுளகுக்கும் ஒழுங்கை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு நின்று பதில் சொல்ல எனக்கு எங்கே நேரம்?

தள்ளுவண்டிலுக்கு என்ன செய்வது? சைக்கிள் இருக்கிறதே! நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். சிசிலியா என் சைக்கிளை முன்வாசலால் தள்ளிக்கொண்டு, “வழி விடுங்கோ, தாய் வாறா!” என்று கத்தியபடி நடைபாதையில் ஓடினாள். பிள்ளைப்பேற்று அறைக்குத் திரும்பும் மூலையில் முன்சில்லு சுவரில் ஏறியது.

“சுவரை இடிச்சுப்போட்டாய்!”

“உன்ரை தாய் இதுக்குள்ளாலை திரும்பமாட்டாள் பிள்ளை. விறாந்தையிலைதான் பெறுவாள்.”

சேர் சொன்ன கோழி இதுதான் என்று அப்போது விளங்கியது. நடைபாதையை அகட்டினோம். மருந்தறை ஒடுங்கியது. மருந்தறையைப் பின்னுக்குக் கொண்டுபோனோம். கக்கூஸ்கள் மூன்றும் கட்டில்கள் இருக்கும் வாட்டுக்குத் தூரமாகப் போயின. அவற்றை இழுத்து வந்தோம். பொழுதுபடும்போது சைக்கிள் எந்த மூலையிலும் லேசாகத் திரும்பியது. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இனிச் சண்முகநாதன் சேர் என்ன, அவரைப் படிப்பித்தவர் வந்தாலும் பார்க்கலாம் என்று இருந்தேன்.

மறுநாள் சந்தையால் வந்த ஐயா சைக்கிளைச் சாத்த முந்தியே சத்தம் போட்டார்.

“ஆரடி சொன்னது நான் சீமெந்து ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டு?”

விசயம் இதுதான். எங்கள் ஊரில் குமர்ப்பிள்ளை இருக்கிற வளவில் நிலம் அளந்து கோடு போட்டால், அது சீதன வீடு. வேறு ஒன்றாகவும் இருக்க ஏலாது. கனகலிங்கத்தார் மகளுக்கு வீடு கட்டப் போறாராம், சீமெந்து இல்லாத நேரத்தில் கட்டுகிற ஆள் என்றால் எங்கேயோ பதுக்கி வைத்திருக்கத்தானே வேண்டும், அதுவும் மூன்று கக்கூஸ் வைத்த வீடாம் என்று சந்தை முழுக்கக் கதை.

“இல்லை எண்டு சொல்லுறதுக்கென்ன?” என்று கேட்டேன்.

ஐயா மீசையைத் தடவினார். மூன்று கக்கூஸ் அவருக்குப் பிடித்துவிட்டது! எனக்கு வந்த கோபத்தில் பின்னேரத் தேத்தண்ணியைக் கூடக் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதன் பலன் வந்து இறங்கியது. தரகர் பொன்னம்பலம் முன்னால், அளவெட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பின்னால், ஒரே சைக்கிள் ஊர்வலம். மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய தாய் குணலட்சுமி அம்மா, பெரியதாய், சித்திமார், ஒரு மாமா என்று மிச்சம் எல்லாரும் வந்திருந்தார்கள்.

“அத்திவாரம் வெட்ட முந்தி ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்” என்றார் தரகர்.

வீடு தேடி வந்தவர்களை என்னவென்று திருப்புவது? ஐயா “வாருங்கோ, வாருங்கோ” என்று மென்று விழுங்கினார். அவர்கள் நேரே தறைக்குப் போய்விட்டார்கள். அங்கேதான் ஒரு புதினம் பார்த்தேன். வெட்டவெளி அது, எந்தப் பக்கத்தாலும் நுழையலாம். ஒருவரும் சாம்பல் சுவரைக் கடக்கவில்லை. முன்வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்து, வலது காலை எடுத்து வைத்து வரிசையாக உள்ளே போனார்கள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அயலட்டைச் சனமும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நுழைந்தது.

பொன்னம்பலத்தார் தானே கட்டின வீடு மாதிரிக் காட்டத் தொடங்கினார். “இது சாமியறை. அங்காலை நெல்லறை. இது பெரிய ஹோல். கலியாணமே வைக்கலாம்.”

பெரிய ஹோலில் குணலட்சுமி அம்மா நின்றுவிட்டார். பாய்களைப் பார்த்தார். சுளகுகளைப் பார்த்தார். விரல் மடித்து எண்ணினார்.

“தங்கச்சி, இது என்ன பாயள்?”

“கட்டிலுகள் அம்மா.”

“சுளகு?”

“பிள்ளையளைக் கிடத்த.”

“எட்டோ?”

“ஓம்.”

என்னை உச்சியிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். “என்ரை பொடியன் சம்பளத்துக்கு எழுதுற ஒரு லிகிதர், பிள்ளை. எட்டுக்கு அவன் எங்கை போறது?”

கிணற்றடியில் நின்ற சிசிலியா சிரிப்பை அடக்கமாட்டாமல் குந்திவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

“அம்மா, இது சீதன வீடில்லை. பிள்ளைப்பேறு ஆசுப்பத்திரி. என்ரை படிப்புக்குக் கீறினது. எங்களிட்டை ஒரு பை சீமெந்தும் இல்லை.”

எல்லாரும் ஐயாவைப் பார்த்தார்கள். இனி என்ன, ‘பெட்டை விசர்க்கதை கதைக்கிறாள்’ என்று சொல்லி மழுப்புவார், வீட்டுக்குள் போனதும் எனக்கு நடக்கும் என்று நினைத்தேன்.

ஐயா தொண்டையைச் செருமினார். “ஓம். அவள் சொல்லுறது மெய்தான். வந்தனீங்கள், வடிவாய்ப் பாத்திட்டுப் போங்கோ. பொன்னம்பலத்தார், உது சாமியறை இல்லை, மருந்தறை. வெயில் படாத பக்கமாய்ப் பாத்து வைச்சிருக்கிறாள். இது மருத்துவிச்சி இருக்கிற அறை. இதிலை இருந்தால் எட்டுக் கட்டிலும் தெரியும்.”

நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். நாங்கள் சாம்பல் கொட்டிய நேரமெல்லாம் இந்த மனுசன் அங்காலே மிளகாய்க்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததை நான் காணவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்!

அதோடு விட்டாரா? என் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். “தாயை இப்பிடித்தான் கொண்டு போறது. இந்த மூலையிலை லேசாத் திரும்பும் பாருங்கோ.”

திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? பெரியதாய், சித்திமார், அயலட்டை எல்லாம் நடைபாதையில் நெருக்கிக்கொண்டு, பிள்ளைப்பேற்று அறை வாசலில் கழுத்தை நீட்டியபடி நின்றார்கள்.

“ஒதுங்குங்கோவன்! தாய் நோவிலை கிடக்கிறாள், நீங்கள் வழியிலை நிண்டு விடுப்புப் பாக்கிறியள்!” என்று ஐயா கத்தினார்.

குணலட்சுமி அம்மாவுக்குச் சூடு வந்துவிட்டது. “அப்ப நாங்கள் எங்கை நிக்கிறது? பெத்த பிள்ளையை உள்ளை விட்டிட்டு வீட்டை போய்ச் சோறு தின்னுறதோ?”

“அதுதானே!” என்றது சனம்.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. முன்வாசலில் இரண்டு கதிரைக்கு இடம் விட்டு, ‘காத்திருப்போர்’ என்று எழுதி வைத்திருந்தேன். எங்கள் சனம் அங்கே இருக்குமா? ஒருத்தி பெறப் போனால் தாய், சித்தி, மாமி, தலையணை, சுடுதண்ணிப் போத்தல், கறிச்சட்டி எல்லாம் கூடவே போகும். போய் அந்தக் கதவடியில்தான் நிற்கும். அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு நானே அப்படித் தலையணையும் கையுமாக ஒரு வாசலில் நின்றவள்தானே! வெறும் தறையில் ஆளில்லாமல் சைக்கிள் உருட்டினால் அது எல்லா மூலையிலும் திரும்பும்தான்.

சாம்பல் கடகத்தைத் தூக்கினேன். எல்லாருக்கும் முன்னால் நடைபாதைச் சுவரைக் காலால் அழித்து, பிள்ளைப்பேற்று அறைக்கு எதிரே ஒரு பக்க அறையைத் திறந்தபடி போட்டேன். சுவரோரம் எல்லாரும் இருக்க நீள வாங்கு. ஒரு மூலையில் சுடுதண்ணீர் வைக்க மேடை. அங்கே இருந்தால் கதவு தெரியும், ஆனால் வழி மறியாது.

“அம்மா, எல்லாரும் இதுக்குள்ளை வாங்கோ. ஐயா, இப்ப தள்ளுங்கோ.”

சனம் உள்ளே ஒதுங்கியது. பெரியதாய் இல்லாத வாங்கில் இருக்கப் பார்த்து, பிறகு மண்ணிலேயே குந்தினார். ஐயா தள்ளினார். சைக்கிள் மணியடித்துக்கொண்டு மூலையில் திரும்பி, நேரே உள்ளே போனது. அயலட்டை கைதட்டியது. எனக்குத் துள்ளவேண்டும் போல் இருந்தது. துள்ளியும் விட்டேன்.

ஆனால் சந்தோசம் படலை வாசல் வரைக்கும்தான் நின்றது. சைக்கிளில் ஏறுமுன் குணலட்சுமி அம்மா ஐயாவிடம், “பெட்டை வாய்க்காரி. எனக்குப் பிடிச்சிருக்கு. வீடு பிறகும் கட்டலாம்” என்றார்.

“வெள்ளிக்கிழமை போகட்டும், சொல்லிவிடுறன்” என்றார் ஐயா.

வெள்ளிக்கிழமைக் கதையையும் மிளகாய்க்குள் நின்று கேட்டிருக்கிறார். அப்படியென்றால் என்ன கருத்து? பாஸ் என்றால் படிப்பு, பெயில் என்றால் அளவெட்டி. இவ்வளவு பெருமையாகச் சைக்கிள் தள்ளிக் காட்டிய மனுசன் பேச்சை மாற்றவில்லை. அன்றிலிருந்து நான் ஐயாவோடு கதைப்பதை விட்டேன். பகல் முழுக்க யன்னலடியில் இருந்து அந்த ஒற்றைத் தாளில் கட்டடத்தைக் கீறினேன். புதன்கிழமை பின்னேரம் ஐயா ஒரு சீப்புக் கதலிப்பழத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்து, “தின்னன் பிள்ளை” என்றார். நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சண்முகநாதன் சேர் பென்சிலை முன்வாசலில் வைத்து, நோயாளி மாதிரி மெல்ல மெல்ல உள்ளே நகர்த்தினார். மூலையில் திரும்பினார். பக்க அறையில் பென்சில் நின்றது.

“இவ்வளவு இடமும் நோய் வருத்தமில்லாத ஆக்களுக்கோ?”

“அவைக்கு இடம் குடுக்காட்டில் தாய்க்கு வழியில்லை, சேர்.”

“எப்பிடித் தெரியும்? சோதிச்சுப் பாத்தனீரோ?”

“ஓம் சேர். என்னைப் பொம்பிளை பாக்க வந்தவையை நிப்பாட்டிப் பாத்தனான்.”

சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிந்து, பாஸ் என்பதற்கு அடையாளமாகத் தாளின் மூலையில் ‘சித்தி’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். எனக்குக் கால் தரையில் இல்லை.

“உம்முடைய ஐயா புதன்கிழமை இஞ்சை வந்தவர்” என்றார் திடீரென்று.

“என்னத்துக்கு சேர்? என்னை நிப்பாட்டவோ?”

“நீர் பெயில் எண்டால் அடுத்த வருஷம் திருப்பி எடுக்க விடுவமோ எண்டு கேட்டவர். விடுவம் எண்டன். ‘அப்ப சரி, அவள் எத்தினை தரமெண்டாலும் எடுக்கட்டும். ஆனால் இப்ப சொல்லிப்போடாதேங்கோ சேர், பயம் இருந்தால்தான் கீறுவாள்’ எண்டிட்டுப் போனவர். ஒரு சீப்புக் கதலிப்பழமும் கொண்டு வந்தவர். பிறகு பழத்துக்குத்தான் பாஸ் போட்டது எண்டு கதை வரும் எண்டு திருப்பிக் குடுத்துவிட்டன்.”

நல்ல வெயிலில் கோப்பாயிலிருந்து சைக்கிள் உழக்கி வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேருக்கு முன்னாலேயே மூக்கைச் சிந்தினேன். தாளைச் சுருட்டிச் சிசிலியாவின் கையில் திணித்துவிட்டு, அந்தச் சீப்பில் ஒரு பழமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வீட்டுக்குச் சைக்கிளை உழக்கினேன்.