இடது கன்னமும் ஒரு நாற்காலியும்

அழகுசாதனத் தொழிற்சாலையின் பாட்டில் நிரப்பும் பிரிவில் எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. பதினான்கு வருஷம் நின்றதில் அவளுடைய முழங்கால்கள் படியேறும்போது அவளை முந்திக்கொண்டு முனகின. லேபிள் சரிபார்க்கும் மேஜையில் ஒரு நாற்காலி காலியானது. கேட்டாள். முதலாளி யோசித்துவிட்டு, முகச் சுருக்கம் போக்கும் புதிய செப்பு பெப்டைடு சீரத்தை அவள் முகத்தில் சோதிக்க வேண்டும் என்றார். பலன் தெரிந்தால் நாற்காலி அவளுக்கு.

வலது கன்னத்தில் சீரம், இடது கன்னத்தில் ஒன்றுமில்லாத வெறும் ஜெல். பன்னிரண்டு வாரம். வேலை முடிந்து வந்து, உட்காரக்கூடத் தெம்பில்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று தடவினாள். சீரம் நல்ல நீலம்.

“அம்மா, உனக்குப் பாதி மூஞ்சி பூசணம் பிடிச்சிருக்கு,” என்றாள் மகள்.

“மீதிப் பாதி ஏற்கெனவே பிடிச்சதுதான். போய்ப் படி.”

கடைசி நாள் கூட்ட அறையில் அவளை நிறுத்தி வைத்தார்கள். அங்கேயும் நிற்கத்தான் வேண்டியிருந்தது. தோலின் நினைவாற்றலையே தட்டி எழுப்பிவிட்டோம் என்று முதலாளி இருபது நிமிடம் பேசினார். பிறகு அவளுக்கு நேரெதிரே வந்து நின்று, தன் வலது கைப்பக்கம் இருந்த கன்னத்தைச் சுட்டினார்.

“பாருங்க, வலது கன்னம்! பத்து வயசு குறைஞ்சிருக்கு! அந்தப் பக்கத்தையும் பாருங்க, கசங்கின துணி மாதிரி. பாவம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். சோதனைக் குறிப்பேட்டோடு நின்ற ஆய்வகப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

“அக்கா, அவர் காட்டுறது உங்க இடது கன்னம். வெறும் ஜெல்லு.”

“தெரியும்மா.”

“சொல்லிடட்டுமா?”

“சொல்றதுன்னா சொல்லு. நான் நின்னுக்கிட்டே கேக்கறேன்.”

ஆய்வகப் பெண் அவளுடைய வீங்கிய கால்களைப் பார்த்தாள். குறிப்பேட்டை மூடினாள்.

திங்கட்கிழமை நாற்காலி கிடைத்தது. ஒரு கால் ஆடியது. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துக்கொண்டாள். ‘தோல் தன்னைத் தானே சீரமைக்கும்’ என்று பளபளத்த லேபிள்களை மாலை வரை உட்கார்ந்தே சரிபார்த்தாள்.

வீட்டில் கணவர் அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“அந்த நீலத் தண்ணி நெஜமாவே வேலை செய்யுதா?”

“செய்யுதுங்க. முழங்கால் வலி பாதி போயிடுச்சு.”