இருசப்பனின் பிறந்த நாள்

சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை நின்று படித்து மார்க் போடுகிற ஆள் என் அப்பா. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், முப்பது வருடம் இளநீர் விற்றவர். வியாபாரம் இல்லாத நேரத்தில் எதிர்ச்சுவர்தான் அவருக்குப் பேப்பர். "இவன் இமயமாம்! ஏரிக்கரை ஏறுறதுக்குள்ள மூணு தடவை உக்காருவான்" என்று சிரிப்பார். "தேவி, எனக்குப் போடுறப்போ பொய் கம்மியா போடு" என்று என்னிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

அதனால் அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேனர் அடிக்கிற பொறுப்பை நான் பிடுங்கிக்கொண்டேன். வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கடிதம் எழுதுகிறவள், அப்பாவுக்கு நாலு வரி எழுத மாட்டேனா? தம்பி சுரேஷ்குமார் என்னை நம்பாமல் கூடவே வந்தான். அப்பாவின் முகத்தைக் கறுப்பாக்கிவிடுவார்கள் என்று அம்மா சரோஜாவும் வந்தாள். காரில் இடம் இருந்ததால் தம்பி மகள் சினேகாவும் வந்தாள். ஏழாவது படிக்கிறாள்.

செங்கம் ரோட்டில் கோபியின் பிளெக்ஸ் கடை. எங்களைப் பார்த்ததும் கோபி தயாராக இருந்த டிசைன் ஒன்றைத் திறந்தான். மலை, மேலே தீபம், மேகத்துக்கு நடுவே காலியாக ஒரு வட்டம். அதில் அப்பாவின் தலையை வைத்தான். கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டன.

"கோட்டை எடுப்பா. கல்யாணத்துக்கே இரவல் சட்டை போட்ட ஆளு" என்றாள் அம்மா.

கோட்டு போனது. 'சரிந்துவிட்ட இமயமே' என்ற வரியையும் எடுக்கச் சொல்லிவிட்டு, நான் எழுதி வந்ததைக் கொடுத்தேன். 'இளநீர்க் கடை இருசப்பன். வெட்டிய காயில் வழுக்கை இல்லையென்றால் வேறு காய் வெட்டித் தந்தவர்.'

"இன்னாக்கா இது, கடை போர்டு மாதிரி இருக்குது" என்றான் சுரேஷ்.

"இதுல ஒரு பொய் காட்டுடா பாக்கலாம்."

அவன் இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளைக் கோபியிடமே கொடுத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

"தோற்றம் தேதி சொல்லுங்க" என்றான் கோபி.

"ஆகஸ்ட் இருபத்தேழு" என்றேன் நான். "மார்ச் மூணு" என்றான் சுரேஷ். இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

படத்துக்காக நாங்கள் கொடுத்திருந்த அப்பாவின் ஆதார் அட்டையைக் கோபி எடுத்துப் பார்த்தான். "இதுல ஜனவரி ஒண்ணுன்னு போட்டிருக்குதே மேடம்."

"எங்க ஊர்ல பாதிப் பேர் ஜனவரி ஒண்ணுலதான் பொறந்திருக்காங்க. தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் போட்டது அது. நீ ஆகஸ்ட் இருபத்தேழுன்னு அடி."

"அடிக்காதீங்க!" என்றான் சுரேஷ். "அக்கா, உனக்குத் தெரியாது. உடு."

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம்! ஆகஸ்ட் இருபத்தேழு என்னுடைய பிறந்த நாள். எனக்கு ஆறு வயதானபோது அப்பா என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய், குலையிலேயே நல்ல காயாகப் பார்த்து வெட்டினார். "உனக்கும் எனக்கும் ஒரே நாள்ல பொறந்த நாள். யார்கிட்டயும் சொல்லாத, எல்லாரும் ஓசியில இளநீர் கேப்பானுங்க" என்றார். வழுக்கையை ஆளுக்குப் பாதி தின்றோம். கல்யாணமாகிப் போன பிறகும் அந்தத் தேதியில் எப்படியாவது கடைக்கு வந்துவிடுவேன். அவர் போன பிறகு என் கையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு தேதிதான். அதைக் கோபியின் கடையில் வைத்து இவன் பிடுங்கப் பார்க்கிறான்.

இதையெல்லாம் சத்தமாகவே சொன்னேன். சொல்லச் சொல்ல சுரேஷின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"கடைக்குப் பின்னாலயா?" என்றான்.

"ஆமா."

"வழுக்கை ஆளுக்குப் பாதியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மார்ச் மூன்று இவனுடைய பிறந்த நாள்.

சினேகா எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தாள். "ரெண்டு பேரும் தப்பு. தாத்தாவுக்கு நவம்பர் பதினாறு. என்கிட்ட மட்டும்தான் சொன்னாரு" என்றவள், ரகசியத்தை உடைத்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நவம்பர் பதினாறு யாருடைய பிறந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. முப்பது வருடமாக ஒரு மனுஷன் என்னை ஏமாற்றியிருக்கிறார். பொய் கம்மியாகப் போடச் சொல்லிவிட்டு, மொத்தப் பொய்யையும் அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "எதுதாம்மா நிஜம்?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் நிதானமாக உட்கார்ந்திருந்தாள். "எதுவும் இல்ல. அவரப் பெத்தவங்களுக்கே தெரியாது. மழைக்காலம்னு மட்டும் சொல்வாங்களாம். அதான், யாருக்கு இருக்குதோ அவங்க பொறந்த நாள்ல போய் ஒட்டிக்கினாரு."

"உங்கிட்டயும் இப்பிடித்தான் சொன்னாரா?"

"எனக்கேது பொறந்த நாளு? எனக்கும்தான் தெரியாது. ஆதார் எடுக்கப் போனப்போ எனக்கு ஜனவரி ஒண்ணுன்னு போட்டாங்க. அடுத்து இவரு. கேட்டதுக்கு ஏதாச்சும் ஒரு மழை மாசம் சொல்லலாம் இல்ல? 'அந்தம்மாவுக்குப் போட்டதையே எனக்கும் போடுங்க சார்'னாரு." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "வருசா வருசம் ஜனவரி ஒண்ணு காலையில எனக்கு ஒரு காய் வந்துடும்."

முதலில் சிரித்தது சுரேஷ். அப்புறம் நான். அப்பா போய்ப் பதின்மூன்று நாளில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். கோபி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நாலையும் அடிப்பா" என்றேன்.

"தோற்றம் நாலு தேதியா? இத்தினி வருசத்துல அப்பிடி ஒண்ணு அடிச்சதில்ல மேடம். பாக்குறவங்க மிஸ்டேக்னு சொல்வாங்க. கீழ எங்க கடை பேரு மட்டும் வேணாம், உட்டுடலாம்."

தன் கடைப் பேரை விட்டுவிட்டு நாலு தேதியையும் அடித்தான். ஜனவரி 1, மார்ச் 3, ஆகஸ்ட் 27, நவம்பர் 16. மறைவு ஒரே தேதிதான்.

காரியத்துக்கு முந்தின நாள் காலை, அப்பாவின் கடை இருந்த இடத்திலேயே பேனரைக் கட்டினோம். பாதையில் நடந்து போனவர்கள் நின்று படித்தார்கள். இரண்டு பேர் தப்பாக அடித்திருப்பதாகச் சொல்லிவிட்டும் போனார்கள். பக்கத்து டீக்கடை வேடியப்பன் அண்ணன் மட்டும் பாய்லரை விட்டுவிட்டு வந்து ரொம்ப நேரம் நின்றார். அவருக்கு அறுபது வயதிருக்கும். அப்பாவோடு தினமும் ஒரு சண்டையாவது போட்டவர்.

"எல்லாம் சரியா போட்டிருக்கீங்க" என்றார். "ஒண்ணு மட்டும் உட்டுப்போச்சும்மா."

"இன்னாண்ணா?"

"மே ஒன்பது." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "எனக்கும் அவருக்கும் ஒரே நாளு. யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாரு."

நான் கைப்பையில் இருந்த ஆபீஸ் மார்க்கரை எடுத்து, நான்கு தேதிகளுக்கும் பக்கத்தில் மே 9 என்று எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பினால் அவருக்குப் பின்னால் பூக்கடை வள்ளி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், சாப்பிட்டுக் கழுவாத கையோடு, மேளக்காரர் சடையன்.

மார்க்கரை மூடாமல் வைத்துக்கொண்டேன். "வரிசையா வாங்க" என்றேன்.