தலைவர் தொடங்கி வைத்த அப்டேட்

திருவரங்குளம் பக்கம் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டுக் கமிட்டியில், தலைவர் ரெங்கசாமி தொடங்கி வைக்காமல் எதுவும் தொடங்காது. மாடு பதிகிற வெப்சைட் ஓடும் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு அப்டேட் வந்தபோதும் அப்படித்தான். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, அட்மின் பாஸ்வேர்டை ஒற்றை விரலால் அவரே அடித்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் ‘எஸ்’ கொடுத்தார்.

அதிலிருந்து ஒரு மாட்டின் போட்டோவும் ஏறவில்லை. சாயங்காலம் பதிவு முடிகிறது. போட்டோ இல்லாவிட்டால் டோக்கன் இல்லை, டோக்கன் இல்லாவிட்டால் வாடிவாசல் இல்லை. கன்றிலிருந்து காளையை வளர்த்த அழகி அதைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

வெப்சைட்டை உருவாக்கிய பிளெஸ்ஸி திரையைப் பார்த்தாள்.

“தலைவரே, சாஃப்ட்வேர் எறக்குற பேக்கேஜ் மேனேஜரு போட்டோ ஃபோல்டரை ரூட் பேருக்கு மாத்திருச்சுங்க.”

“ரூட்டுன்னா?”

“கம்ப்யூட்டருக்குத் தலைவரு.”

ரெங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். “தலைவர் பேர்ல இருந்தா என்னம்மா தப்பு?”

“போட்டோ வாங்கி வைக்கிறது வெப்சைட்டுங்க. அதுக்கு இப்ப உள்ள போக உரிமையில்ல.”

“அப்ப எல்லாருக்கும் தொறந்து விட்ரு.”

“வாடிவாசலத் தொறந்து போட்டுட்டு வீட்டுக்குப் போவீங்களா?”

வெளியே அழகி சிரித்துவிட்டாள்.

நானாக இருந்தால் பதற்றத்தில் மொத்தக் கம்ப்யூட்டரையும் பேர் மாற்றிக் கெடுத்திருப்பேன். பிளெஸ்ஸி அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் வெப்சைட் பேருக்குத் திருப்பினாள். அடுத்த அப்டேட்டிலும் இதில் கைவைக்காதே என்று பேக்கேஜ் மேனேஜருக்கும் எழுதி வைத்தாள். அந்த நிதானத்துக்கு ஒரு மாலை போடலாம்.

“ஏறுது! மாட்டோட ஓனரும் போட்டோவுல நிக்கணும்” என்றாள்.

யார் வளர்த்தாலும் எங்கள் ஊர் மாடுகள் தலைவர் பேரில்தான் பதிவாகும். மைக்கில் அவர் பேர் முழங்க வேண்டுமே. ரெங்கசாமி துண்டைச் சரிசெய்துகொண்டு காளையருகே போனார். அது தலையைத் தாழ்த்தி ஒரு மூச்சு விட்டது. அவர் ஆபீஸ் படியேறிவிட்டார்.

“அண்ணே, கிட்ட வாங்க. ஒங்க மாடுதானே?” என்றாள் அழகி.

“வேட்டி புதுசும்மா.”

“நேரமாகுது, யாராச்சும் நில்லுங்க!” என்றாள் பிளெஸ்ஸி.

அழகி திமிலில் கைவைத்து நின்றாள். காளை அவள் தோளில் மூக்கை உரசியது. பிளெஸ்ஸி போட்டோ எடுத்து ஏற்றி, யாரையும் கேட்காமல் உரிமையாளர் இடத்தில் ‘அழகி’ என்று அடித்து டோக்கனை நீட்டினாள்.

“வழக்கம்னு ஒண்ணு இருக்கே…” என்றார் ரெங்கசாமி, படியிலிருந்து இறங்காமலே.

“இருக்கட்டும்ண்ணே, மாடு பசியா இருக்கு. போய்ட்டு வாரேன்” என்று அழகி காளையோடு நடையைக் கட்டினாள்.