நான்கு வாய்ப் பெட்டி

...முதல் மூன்று விளக்குகளும் எரிகின்றன, நான்காவது மட்டும் ஏன் எரியவில்லை, கேபிளைப் பிடுங்கிச் செருகியாயிற்று, மைக்கை ஊதிப் பார்த்தாயிற்று, குனிந்து கெஞ்சியும் ஆயிற்று, மணி ஒன்பதரை, அக்கா பத்து மணிக்கு வருகிறாள், அவள் பத்து என்றால் பத்துதான், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவளுக்குப் பத்தேகால் என்று ஒரு நேரமே உலகத்தில் கிடையாது... சாப்பாட்டு டப்பா அளவுகூட இல்லாத, மைக்கில் பாடுவதைக் கணினிக்குள் பதிகிற இந்தப் புதுப் பெட்டிக்கு முன்பக்கம் நான்கு வாய்கள், வாய்க்கு ஒரு திருகு, திருகுக்கு ஒரு விளக்கு, பச்சை என்றால் குரல் வருகிறது, சிவப்பு என்றால் கத்துகிறோம், ஒன்றுமே எரியாவிட்டால் என்ன என்பதைக் கூட வந்த புத்தகத்தில் பதினோரு மொழிகளில் எழுதியிருக்கிறார்கள், ஒன்றில்கூட எனக்குப் புரியும்படி எழுதவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது, அதை எதற்கு மறைக்க வேண்டும், காலை ஆறு மணியிலிருந்து கேபிள்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருக்கிறேன், இடது கால் மரத்துப்போய்விட்டது, பல் விளக்கினேனா என்றே சந்தேகமாக இருக்கிறது, பரவாயில்லை.

பழைய பெட்டிக்கு ஒரே வாய். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பாட முடியும், அதனால் ஐந்து வருடமாக எங்கள் வீட்டு இசை இப்படித்தான் நடந்தது, முதலில் நான் இந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் தாளக் கணக்குக்கான டிக் டிக் ஓட, பாட்டை முழுக்கப் பாடிவைப்பேன், அந்த டிக் டிக்கையும் என் குரலையும் சேர்த்து அக்காவுக்கு அனுப்புவேன், அவள் தன் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டே போனில் பாடி அனுப்புவாள், இரண்டையும் கணினியில் மேலும் கீழுமாக அடுக்கிச் சேர்ப்பது என் வேலை. ஒவ்வொரு வரியிலும் அவள் குரல் என் குரலுக்கு ஒரு மயிரிழை முன்னால் தொடங்கும்... நான் சும்மா இருப்பேனா, ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையில் ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் தூக்கம் வராத ஜென்மம் நான், அவள் வரிகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பின்னால் இழுத்து என்னோடு ஒட்டவைப்பேன். ஒருநாள் கேட்டுவிட்டு, "இது என் குரல்தான்டி, ஆனா நான் பாடினது இல்ல" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா, இல்லை, வாய் இருக்கிறதே, "நீ ஆம்புலன்ஸ் ஓட்டுற மாதிரி பாடினா நான் என்னக்கா பண்றது" என்றேன், சிரிக்கத்தான் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. எட்டு மாதம். பேசாமல் இருந்தோம் என்றில்லை, பேசினோம், வந்தாள், போனாள், என் காய்ச்சலுக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள், ஆனால் பாட்டு என்று எடுத்தால் மட்டும் "எனக்கு வேலையிருக்கு" என்று பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவாள், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். போன வாரம் இந்தப் புதுப் பெட்டியைப் பற்றிச் சொன்னதும்தான் இறங்கிவந்தாள், "ஒரே நேரத்துல சேர்ந்து பாடலாமா? சரி. அன்னிக்கும் ஒத்து வரலைன்னா இந்தப் பேச்சை விட்டுடு, நான் கேட்கிறவளாவே இருந்துடுறேன்." நான்காவது விளக்கே, எரிந்து தொலையேன்.

"பின்பக்கம் ரெண்டு பொத்தான் இருக்கே, ஒண்ணைத்தானே அமுக்கியிருக்கே?" என்று என் வீட்டுக்காரர் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே கேட்கிறார், கிட்டாரைத் தவிர வேறெதையும் உருப்படியாகப் பார்க்காத மனிதர், அவர் கண்ணில் படுகிறது, என் கண்ணில் படவில்லை. மூன்றாம் வாயில் இருக்கும் கிட்டார் மைக்குக்குத் தேவையில்லை, ஆனால் இந்த நான்காவது மைக்குக்குப் பெட்டியிலிருந்துதான் மின்சாரம் போக வேண்டும், முதல் இரண்டு வாய்க்கு ஒரு பொத்தான், அடுத்த இரண்டுக்கு இன்னொன்று, அமுக்கினேன், டப்பென்று ஒரு சத்தம், பச்சை! கத்திவிட்டேன், பச்சை சிவப்பாகிவிட்டது. ஆனால் கணினித் திரையில் இன்னமும் இரண்டு கோடுகள்தான், அதற்குச் சொன்னால்தானே தெரியும், பட்டியலைத் திறந்து மூன்றாவது டிராக்குக்கு மூன்றாம் வாய், நான்காவதற்கு நான்காம் வாய் என்று பந்தியில் ஆள் உட்காரவைப்பதுபோல உட்காரவைத்தேன். அப்புறம் ஹெட்போனில் என் குரல் இரண்டிரண்டாகக் கேட்டது, பெட்டியிலிருந்து நேராக ஒன்று, கணினிக்குள் போய்ச் சுற்றிவிட்டு வரும் சோம்பேறி ஒன்று, சோம்பேறியின் வாயை அடைத்தேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டேன், அது உறுமும், ஜன்னலில் போர்வை, மைக் அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று, அறை முழுவதையும் கேட்க நான்காவது... முடிந்தது, மணி பத்து, அழைப்பு மணியும் அடிக்கிறது, சொன்னேனே.

செருப்பைக் கழற்றும்போதே "எங்கடி நிக்கணும்?" என்றாள். "எங்க வேணா நில்லுக்கா, மைக்கை உன்கிட்ட கொண்டு வரேன்." "ரொம்பத்தான் மரியாதை!" அவள் உயரத்துக்கு ஸ்டாண்டை ஏற்றினேன், அவளிடம் சோப்பு வாசனை, மருந்து வாசனையும், எனக்குப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்போல இருந்தது, பேசினால் ஏதாவது உளறுவேன் என்று பதிவுப் பொத்தானை அழுத்தினேன். காதில் டிக் டிக், அவர் தந்தியை மீட்டினார், சின்ன வயதில் மாடிப்படியில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் கட்டின பாட்டு, மழையில் நனைந்த பூனை வீட்டுக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அவ்வளவுதான் பாட்டே... அவள் மூச்சை இழுக்கிறாள், எனக்குத் தெரியும் அந்த மூச்சு, பாடினோம், ஐயோ என்ன ஒரு சுகம், அவள் குரல் ஹெட்போனுக்குள்ளும் இருக்கிறது, வெளியிலும் இருக்கிறது, என் மைக்கில் அவள், அவள் மைக்கில் நான், இனி வெட்டவும் முடியாது இழுக்கவும் முடியாது, எல்லாம் எல்லாவற்றிலும் ஊறிவிட்டது, கடைசி வரியில் எனக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது, அவர் தந்தியைக் கையால் மூடினார், நான் பதிவை நிறுத்தினேன்.

அவர்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள், நான் திரையைப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருந்தால் நான் நானில்லை. நான்கு அலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. டிக் விழும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு, கிட்டார் சரியாக அந்தக் கோட்டிலேயே, அக்காவும் அந்தக் கோட்டிலேயே, முதல் வரி, இரண்டாம் வரி, பிசகே இல்லை, நான்... நான் பின்னால். ஒரு மயிரிழை. பெட்டி தாமதப்படுத்துகிறதோ? நான்கு வாய்க்கும் ஒரே கடிகாரம், எனக்கு மட்டும் ஏன் தாமதப்படுத்தும்? அவள் மூச்சைக் கேட்டு, அவள் முதல் எழுத்தைக் கேட்டு, அப்புறம்தான் நான் வாய் திறக்கிறேன், மாடிப்படியிலிருந்தே அப்படித்தான் போலிருக்கிறது, சரி, பக்கத்தில் நின்றால் அப்படி, அதில் என்ன... கை தானாகப் பழைய பாட்டொன்றைத் திறந்தது, அவள் கோபித்துக்கொண்ட பாட்டு, இழுத்து ஒட்டின அவள் குரலை நீக்கிவிட்டு என் குரலை மட்டும் பார்த்தேன், ஒவ்வொரு வரியும் கோட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால். அவள் டிக் டிக்கோடு சரியாகத்தான் பாடியிருக்கிறாள். நானல்லவா இத்தனை வருடம் சரியாக வந்தவளை என் தாமதத்துக்கு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது, வெட்கத்தைத் தாண்டிச் சிரிப்பாகவும் வந்தது.

அக்கா வந்து என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டு, புதுப் பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டாள், முழுக்கக் கேட்டாள். "எதையும் இழுக்கலையே?" "இல்லக்கா. அன்னிக்கும் நீ முந்தலக்கா, நான்தான் பிந்தியிருக்கேன், தப்பு என்னோடது." அவள் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது, எட்டு மாதத்தையும் ஒரே சிரிப்பில் சிரித்தாள், என் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். "சரி, இன்னிக்கு என்னைப் பார்த்துப் பார்த்துப் பாடினே, பிந்தினே. அன்னிக்கு இந்த ரூம்ல தனியாத்தானே பாடினே, அப்போ யாருக்குடி காத்துட்டிருந்தே?" வாயைத் திறந்தேன், உனக்குத்தான் என்று சொல்லலாம், சொன்னால் அது உண்மையா, கதவைச் சாத்தின அறையில், அவள் ஊரின் அந்தக் கோடியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது, எந்த மூச்சைக் கேட்டு நான் தொடங்கினேன்... அவள் மூச்சை மனதுக்குள் கேட்டிருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எப்படித் தொடங்கியிருப்பேன்?