கூரை கழலும் வீடுகள்

நான்தான் என் புருஷன் லெஸ்லியைத் திரும்பவும் தொழிற்சாலை வேலைக்குத் துரத்துகிறேன் என்று மாதா கோயிலில் ஒரு பேச்சு. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், டோரிஸ், பாவம் அந்த மனுஷன், கொஞ்சம் நிம்மதியாக இருக்க விடேன் என்று புத்தி சொல்ல நாலு பேர் காத்திருப்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். என் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மை நேர் எதிர். பதினோரு வருஷம் விடியும் முன்னே பஸ் ஏறி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய், எல்லைப் பாலத்து வாகன நெரிசலில் பாதி ஆயுசைக் கழித்து, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே தூங்கி விழுந்த புருஷன் எனக்குப் போதும். வீட்டில் இருக்கிற புருஷன்தான் வேண்டும்.

போன வருஷம் அந்த வேலையை விட்டார். ஒரு வருஷம் ரெசின் வீடுகள் செய்து பார்க்கிறேன், நிலையாக வேலை வந்தால் சரி, வராவிட்டால் பழைய இடத்துக்கே போகிறேன் என்று அவராகவே ஒரு கெடு வைத்துக்கொண்டார். பழைய சூப்பர்வைசரும் நல்ல மனுஷன், இடத்தைக் காலியாக வைத்திருந்தார். கெடு இந்தத் திங்கட்கிழமை முடிகிறது.

ரெசின் வீடு என்றால் என்ன என்று கேட்காத ஆள் கிடையாது. மேசைமேல் கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, அளவுகோலும் பகடையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் போர் விளையாடும் பெரிய மனிதர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். டாக்டர், வக்கீல் எல்லாம் உண்டு. அவர்களுக்குச் சண்டை போட ஓர் ஊர் வேண்டுமே. அந்த ஊர், சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், செடெனாக்கில் எங்கள் வீட்டுப் பின்புறச் சமையலறையில் தயாராகிறது. இரண்டு திரவங்களைக் கலந்து ரப்பர் அச்சில் ஊற்றினால் அரை மணியில் கல்லாக இறுகிவிடும். லெஸ்லி ஒரு வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவார். பிறகு அதில் குண்டு விழுந்த மாதிரி ஓட்டை போடுவார். ஓட்டை போட்ட வீட்டுக்குத்தான் கிராக்கி.

இந்தத் தொழிலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சிப்பாயின் காலடியில் ஒரு வட்டத் தட்டு இருக்கும், அது நுழைகிற அளவுக்கு வாசல் அகலமாக இருக்க வேண்டும். கூரை கழன்று வர வேண்டும், மாடியும் கழன்று வர வேண்டும். இல்லாவிட்டால் சிப்பாயை உள்ளே எப்படி நிறுத்துவது? எங்கள் வீட்டில் கழலாத கூரையை நான் பார்த்ததே இல்லை.

கெடு முடிய மூன்று வாரம் இருந்தபோது ராஜசேகரன் வந்தார். வீடமைப்புக்காரர். செடெனாக்கில் இருபத்து நாலு வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு மாடியோடு, இரண்டு வரிசையாகக் கட்டி விற்கப் போகிறார். விற்பனை அலுவலகத்தில் நடுவில் வைக்க அதற்கு ஒரு குட்டி மாதிரி வேண்டும். செய்து தருகிறேன் என்ற ஆள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாராம். இது நன்றாக வந்தால் பாலோ, சிகாமட் ஊர்களில் தான் கட்டப்போகிற இரண்டு திட்டத்துக்கும் லெஸ்லிதான் என்றார். இரண்டு திட்டம் என்றால் இரண்டு வருஷ வேலை. பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

அந்த மூன்று வாரமும் மழை. ரெசினில் ஈரம் பட்டால் நுரைத்துவிடும். முதல் நாலு வீடுகள் இட்லி மாதிரி துளைத்துளையாக வந்தன. பிறகு என் தலைமுடி உலர்த்தும் மெஷினால் நான் ஒவ்வோர் அச்சையும் காய வைத்துக் கொடுக்க, அவர் ஊற்றினார். பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சைப் பிய்த்து மரம் செய்தேன். வாடிக்கையாளர் கேட்டது வெளித்தோற்றம் மட்டும்தான். ஆனால் உள்ளே ஒன்றுமில்லாத வீட்டை லெஸ்லிக்கு ஊற்றத் தெரியாது. பிளானைப் பார்த்து மாடிப்படி, அடுப்படி, பாத்ரூம் எல்லாம் வைத்தார். நானும் சும்மா இருக்காமல் கார்னர் வீட்டுக்கு ஒரு கட்டில், அலமாரி, ஹால் மூலையில் பிளானில் போட்டிருந்த இடத்தில் ஒரு குட்டி சாமி மேடை செய்து வைத்தேன்.

பழக்கதோஷத்தில் எங்கேயாவது குண்டு ஓட்டை போட்டிருப்பாரோ என்று சுவர் சுவராகச் சோதித்தேன். ஒன்றும் இல்லை. வாசலைக்கூட ஞாபகமாகச் சின்னதாக்கியிருந்தார். கூரைகள் காரில் ஆடாமலிருக்க நானே ரப்பர் பேண்டு போட்டேன், அலுவலகத்தில் நானே கழற்றினேன். அப்போதும் என் மண்டைக்கு எதுவும் எட்டவில்லை.

சனிக்கிழமை விற்பனை அலுவலகம் திறப்பு. கறிபாப் பலகாரம், தே தாரிக் டீ, பலூன் எல்லாம் தடபுடல். வந்தவர்கள் மாதிரியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். ராஜசேகரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கார்னர் வீட்டைத் தூக்கிக் காட்டுகிறேன் என்று கூரையைப் பிடித்தார். வீடு மேசைமேலேயே இருந்தது. கூரை மட்டும் அவர் கையோடு வந்தது.

யாரோ சிரித்தார்கள். ராஜசேகரன் பக்கத்து வீட்டுக் கூரையைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் வந்தது. லெஸ்லியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. சண்டைக்கு வீடு கட்டியே பழகின கை, குடியிருக்கிற வீட்டுக்கும் அதையே செய்துவிட்டது.

ராஜசேகரன் எங்களை ஓரமாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கொட்டித் தீர்த்தார். முதல் நாளே கூரை பிய்ந்தால் வீடு வாங்க வந்தவன் என்ன நினைப்பான், சகுனம் பார்க்கிற ஜனம் இது, உடனே எல்லாவற்றையும் ஒட்டு, இல்லையென்றால் அள்ளிக்கொண்டு போ என்றார். பாலோவைப் பற்றியோ சிகாமட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. லெஸ்லி தலையைக் குனிந்துகொண்டு பசை எடுக்கக் காருக்குப் போனார். ராஜசேகரன்மேல் கோபம், லெஸ்லிமேல் கோபம், ரப்பர் பேண்டைக் கழற்றிய என் கைமேல் அதைவிடக் கோபம். திங்கட்கிழமை பஸ் நிச்சயம் என்றே நினைத்தேன்.

அப்போது ஒரு பெண் என் தோளைத் தொட்டாள். பெயர் தேன்மொழி, குளுவாங்கில் ஆசிரியை. பிளான் தாளை அரை மணியாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள். கையிலிருந்த போனில், வீடியோவில், சிகாமட்டிலிருக்கும் மாமியார். சாமி மேடைக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்த அம்மா சரி சொல்ல மாட்டாராம்.

"அக்கா, எனக்கு இந்தப் பிளான் புரியல. அந்த வீட்டைக் கொஞ்சம் தொறந்து காட்டுறீங்களா?"

திறந்துதான் கிடக்கிறதே என்று மனதுக்குள் முனகிக்கொண்டு கார்னர் வீட்டு மாடியைத் தூக்கினேன். கீழே ஹால் மூலையில் நான் செய்த மேடை. தேன்மொழி போனை மேலே பிடித்தாள். மாடியைத் திரும்ப வைத்ததும் போனிலிருந்து அதட்டல் வந்தது. மேடைக்கு நேர் மேலே பாத்ரூம்.

"பாத்ரூமுக்குக் கீழயா சாமிய வெப்பாங்க?"

ராஜசேகரனுக்கும் கேட்டுவிட்டது. விற்கப் போகிற வீடு கண்ணெதிரே கைநழுவுகிறது என்று ஓடி வந்தார். போகிற போக்கில் விற்பனையையும் கெடுத்த பாவம் வேறா? ஆனால் எங்கள் ரெசின் வீட்டுச் சாமான்கள் எதையும் நாங்கள் ஒட்டுவதில்லை, விளையாடுகிறவர்கள் நகர்த்த வேண்டும் என்பதற்காக. மேடையை விரல் நுனியில் எடுத்து ஹாலின் முன்பக்கச் சுவரோரம் வைத்தேன். மாடியைப் பொருத்தினேன். ஹாலின் முன்பக்கத்துக்கு மேல் மாடி வரவே இல்லை.

"மேல ஒண்ணுமில்ல அத்தை, வெறும் கூரைதான்," என்றாள் தேன்மொழி.

"அப்ப சரி. என் கட்டில் எங்க போடுவ, அதையும் காட்டு."

கட்டிலைப் போட்டோம். ஒத்து வரவில்லை, திருப்பிப் போட்டோம். அலமாரியை ஜன்னல் பக்கம் வைக்கக் கூடாது என்று சிகாமட்டிலிருந்து உத்தரவு வந்தது. அதற்குள் பக்கத்தில் ஒரு சீன அங்கிள் இன்னொரு கூரையைக் கழற்றி, அடுப்பு வாசலைப் பார்க்கிறதா என்று மனைவியோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஒரு மலாய்த் தம்பதி தொழுகைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மாடியில் விரலை வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருபத்து நாலு வீட்டில் ஒன்றுக்குக்கூடக் கூரை இல்லை. மேசை சந்தைக்கடை ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தேன்மொழி கார்னர் வீட்டுக்கு முன்பதிவு எழுதினாள். ராஜசேகரன் ஒரு கூரையை மெதுவாக எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

லெஸ்லி பசைக் குப்பியோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"பசையெல்லாம் வேணாம்லா லெஸ்லி," என்றார் ராஜசேகரன். "பாலோவும் சிகாமட்டும் இதே மாதிரி செஞ்சிருங்க. கட்டில், மேஜை எல்லாம் சேத்து."

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் பேசுகிறேன் என்றார் லெஸ்லி என்னிடம். திங்கட்கிழமை எதற்கு, இப்போதே பேசுங்கள் என்றேன். பலூன் கட்டிய கதவுக்கு வெளியே நின்று அவர் எண்ணை அழுத்தினார். நான் பக்கத்திலேயே நின்றேன், ஒரு வார்த்தைகூடத் தவறவிட மனம் இல்லை.

"சாரி பாஸ், நான் வரல," என்றார். உடம்புக்கு என்ன என்று சூப்பர்வைசர் கேட்டது எனக்கும் கேட்டது. பிறகு சொன்னார். "உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு வீட்டுல வேலை இருக்கு."

ஊருக்கெல்லாம் ராட்சசியாகத் தெரிகிற நான், கையில் பாதி கறிபாப்போடு, அத்தனை பேர் பார்க்க நின்று அழுதேன்.