செவலை பாலை அடக்கிய நாலு நாள்

மாடு வாங்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா, கண்ணுகளா? பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள். மடியைத் தடவிப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழி பார்ப்பார்கள். மாட்டின் உடம்பில் ரோமம் சுழன்று நிற்கிற இடந்தான் சுழி. நெற்றியில் இருந்தால் ஒரு பலன், முதுகில் இருந்தால் ஒரு பலன். ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்னக் குடியிருப்பில் இருந்த அடைக்கலம் சுழி பார்ப்பதில் பேர்போனவர். அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் அக்கம்பக்கத்தில் ஒருவரும் மாடு பிடிக்கமாட்டார்கள்.

அந்த அடைக்கலம் ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் தனக்காகவே ஒரு மாடு பிடித்தார். காரணம் இருந்தது. அவர் மனைவி அமராவதிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். ஆண் ஒன்று, பெண் ஒன்று. ஆண்பிள்ளை ஆத்மநாதன் கெட்டிக்காரன். இரண்டு பக்கமும் குடித்துவிட்டுத்தான் விடுவான். பெண்பிள்ளை சொர்ணவல்லி நாலு உறிஞ்சு உறிஞ்சிக் களைத்துத் தூங்கிப்போவாள். மிஞ்சியதும் அவளுக்குப் போதவில்லை. அடுத்த வீட்டு அழகியின் வெள்ளாடு அரைச் சங்கு பால் கொடுத்துவந்தது; அதுவும் வற்றிவிட்டது. பிள்ளையின் தொடை, சுருக்கிய பைபோல மடிந்து கிடந்தது. பசும்பால் வந்தால்தான் அந்தப் பெண் தேறும்.

மீமிசலில் ஜன்னத் பீவி என்ற அம்மாள் இரண்டு மாடு வைத்திருந்தார். இரண்டுக்கும் தீவனம் கட்டுப்படியாகவில்லை என்று இளையதை விற்றார். செந்நிற மாடு, பேரே செவலை. இரண்டாம் ஈற்று, காலடியில் ஒரு மாதக் கிடாரிக் கன்று. அடைக்கலம் கொம்பு முதல் குளம்பு வரை சுழி பார்த்தார். ஒரு குறை இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் நடத்தியே கூட்டிவந்து கொட்டகையில் கட்டினார்.

அன்று சாயங்காலம் அமராவதி செம்பைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். கொட்டகை குறுகலானது. மாட்டுக்கு வலப்பக்கம் மண்சுவர், முன்னால் கல்தொட்டி. ஆகவே கறக்கிறவர் இடப்பக்கந்தான் உட்கார முடியும். கன்றைக் கட்டுகிற முளையும் அந்தப் பக்கந்தான். கன்றை அவிழ்த்துவிட்டாள். அது முட்டி முட்டிக் குடித்தது, மடி இறுகிப் பால் இறங்கியது. கன்றை இழுத்து முளையில் கட்டிவிட்டுக் காம்பில் கை வைத்தாள். அவ்வளவுதான், ஒரே உதை! செம்பு உருண்டு தொட்டியில் மோதியது.

மறுபடி உட்கார்ந்தாள். இந்தமுறை செவலை உதைக்கவில்லை. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு பாலை மேலே ஏற்றிக்கொண்டது. காம்பு வெறும் தோலாக இருந்தது. கன்றை அவிழ்த்துவிட்டால் நுரை தள்ளக் குடிக்கிறது. கட்டிவிட்டால் ஒரு சொட்டு இல்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை அழகி உப்பும் மிளகாயும் கொண்டுவந்து சுற்றிப்போட்டாள். அடைக்கலம் பின்னங்கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கால் நின்றது, பால் வரவில்லை.

"என்ன கொழுந்தனாரே, ஊருக்கெல்லாம் சுழி பாத்தீங்க. ஒங்க மாட்டுக்கு மடியில சுழி பாக்கலையோ?" என்றாள் அழகி.

"மதினி, வாயை மூடிட்டுப் போங்க. மாட்டுல குறை இல்ல. கறக்குறவ கைதான் சரியில்ல."

"அப்ப நீங்க ஒக்காருங்களேன்!"

உட்கார்ந்தார். கால்கட்டு அவிழ்ந்துபோய், தொடையில் குளம்பின் தடம் பதிய எழுந்தார். "வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிருவேன். வந்த வெலைக்குத் தள்ளிட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அமராவதிக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மாட்டைத் தள்ளிவிட்டால் வேறு மாடு எப்போது வரும்? அதுவரை சொர்ணவல்லி தாங்குவாளா? பயத்துக்கு நடுவே அவளுக்கு ஒரு கேள்வியும் குடைந்தது. மடியில் பால் இருக்கிறது, கன்றுக்குக் கொடுக்கிறது. மீமிசலில் மூன்று வேளைக்குக் காப்பிக்கும் தயிருக்கும் கறந்த மாடு இது. அங்கே இருந்து, இங்கே இல்லாதது எது?

வியாழக்கிழமை காலையில் ஆத்மநாதனை அழகியிடம் விட்டாள். சொர்ணவல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு மீமிசல் பஸ்சில் ஏறினாள். "எங்கிட்டுப் போறே?" என்று கேட்ட புருஷனுக்கு, "மாட்டைப் பத்தி மாட்டுக்காரவுகளையே கேட்டுட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜன்னத் பீவி கதவைத் திறந்ததும் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தார். "இதென்னம்மா, பூனைக்குட்டி மாதிரி இருக்கு" என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அமராவதி நடந்ததைச் சொன்னாள்.

"ஒதைச்சுச்சா? என் செவலையா? கோழி மேல ஏறி நின்னாலும் பேசாம நிப்பாளே!"

"நீங்க எப்படிக் கறப்பீங்க பீவிம்மா? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? எல்லாரும் கறக்குற மாதிரிதான். முக்காட்டைப் போடுவேன், அல்லா பேரால பிஸ்மி சொல்லுவேன், ஒக்காருவேன், கறப்பேன்."

"பாட்டு, கீட்டு?"

"நான் பாடுனா இருக்குற பாலும் ஓடிப்போகும்."

"தீவனம்?"

"பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்துவேன். வெள்ளிக்கிழமைன்னா ஒரு கட்டு அகத்திக்கீரை. அதுன்னா அவளுக்கு உசுரு."

பருத்திக்கொட்டை அமராவதியும் வைத்தாள். அவள் முகம் வாடியதைப் பார்த்த ஜன்னத் பீவி எழுந்து கொல்லையில் ஒரு கட்டு அகத்திக்கீரை ஒடித்தார். பிள்ளையை விடாமலே செருப்பை மாட்டினார். "வா, மத்தியான பஸ்சுக்குப் போவோம். அவ எனக்குக் கறக்காம எவளுக்குக் கறப்பா?"

இருவரும் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. கொட்டகை முன்னால் அடைக்கலமும் அழகியும் நின்றார்கள். ஜன்னத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அடியே செவலை" என்றார். மாடு காதை விரைத்தது, குரல் தெரிந்துவிட்டது. அமராவதிக்கு மூச்சு வந்தது. கன்றை விட்டார்கள், கட்டினார்கள். ஜன்னத் பீவி சுவரைப் பார்த்தார், இடப்பக்கம் குந்தினார், பிஸ்மி சொல்லிக் காம்பில் கை வைத்தார்.

மாடு அவரையும் உதைத்தது.

செம்பு ஒரு பக்கம், ஜன்னத் பீவி ஒரு பக்கம். "என்னையேவாடி ஒதைக்கிறே? நாலு நாள்ல மறந்துட்டியா?" அவர் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கா பஸ் ஏறி வந்தீக?" என்றாள் அழகி.

அடைக்கலம் கன்றின் கயிற்றை அவிழ்க்கப் போனார். "பாத்தாச்சுல்ல ஆத்தா? நாளைக்குச் சந்தைதான்."

"செத்த இருங்க" என்றாள் அமராவதி. அவளுக்கு இப்போது பயத்தைவிட ஆச்சரியந்தான் பெரிதாக இருந்தது. கையும் அதே கை, குரலும் அதே குரல், சொல்லும் அதே சொல். அப்படியானால் வேறாக இருப்பது ஆள் அல்ல; இடம். இந்தக் கொட்டகையில்தான் என்னவோ இருக்கிறது.

ஜன்னத் பீவி மனசு கேளாமல் அகத்திக்கீரையை எடுத்துக்கொண்டு மாட்டின் முகத்துக்குப் போனார். கன்று நின்ற பக்கமாகவே போய்க் கீரையை ஆட்டினார். செவலை சும்மா நின்றது. கீரை மூக்கில் பட்டதும் திடுக்கிட்டுத் தலையை உதறியது.

"இதென்ன கூத்து? அகத்தியைக் கண்டா கயித்தை அத்துக்கிட்டு வருவாளே!"

கண்டால்! அமராவதி கீரையில் ஒரு கொத்தை வாங்கினாள். தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் உடம்பை நுழைத்துக்கொண்டு வலப்பக்கம் போய் நீட்டினாள். நீட்டி முடிப்பதற்குள் செவலை நாக்கைச் சுழற்றிப் பறித்துக்கொண்டது. மறுபடி இடப்பக்கம் வந்து, மாட்டின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் விரலை விரித்துச் சட்டென்று கொண்டுபோனாள். இமை ஆடவில்லை. வலப்பக்கம் அதையே செய்தாள். கண்ணை இறுக மூடித் தலையை இழுத்துக்கொண்டது.

"இந்தக் கண்ணு தெரியலைங்க அதுக்கு. கன்னு நிக்கிறதும் தெரியல, கை வர்றதும் தெரியல" என்றாள்.

அந்தக் கண் மற்றக் கண்ணைப் போலவே கருகருவென்று, பூவிழாமல், ஈரமாகத்தான் இருந்தது. அடைக்கலம் தானும் விரலை ஆட்டிப் பார்த்தார். இரண்டுமுறை பார்த்தார்.

"வர்ற வழியெல்லாம் இங்கிட்டுப் போய்ப் போய் வேலியில முட்டுச்சு" என்றார் மெதுவாக. "திமிருன்னு நெனைச்சு ரெண்டு அடி போட்டேன்."

ஜன்னத் பீவி தலையில் கை வைத்துக்கொண்டார். "மேயப் போனா மூத்த மாட்டை இந்தப் பக்கம் ஒரசிக்கிட்டேதான் போவா. பாசம்னுல்ல நெனைச்சேன்! எங்க கொல்லையில சுவரு இவளுக்கு இடது பக்கம் தம்பி. நாங்க வர்றது, கறக்குறது, கன்னைக் கட்டுறது எல்லாம் வலது பக்கந்தான். அல்லா அறிய எனக்குத் தெரியாது. என் மாட்டுக்கு ஒரு கண்ணு இல்லைங்கிறத ஒங்க வீட்டுல வந்துல்ல தெரிஞ்சுக்கிட்டேன்!"

பிறகு முக்காட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "பழுதுள்ள மாட்டைக் குடுத்துட்டேன். காலையில நானே ஓட்டிட்டுப் போயிடுறேன். ஒங்க காசு ஒங்களுக்கு."

அடைக்கலத்தின் முகத்தைப் பார்த்தால், சரி என்று சொல்லிவிடுவார் போல இருந்தது. ஒற்றைக்கண் மாட்டைப் பிடித்தவர் என்று ஊர் சிரிக்குமே! அமராவதி அவர் வாய் திறக்கும்வரை காத்திருக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துச் செவலையை வெளியே கொண்டுவந்து பூவரச மரத்தில் கட்டினாள். கன்றை வலப்பக்கம் முகத்துக்கு நேரே நிறுத்தி, "பிடிச்சுக்கங்கக்கா" என்று அழகியிடம் கொடுத்தாள். தானும் வலப்பக்கம் குந்தினாள். பழகாத பக்கம், செம்பு முழங்கால் இடுக்கில் நிற்காமல் நழுவியது. செவலை திரும்பி ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. பிறகு கன்றைப் பார்த்தது. கன்றின் கழுத்தை நக்க ஆரம்பித்தது.

முதல் பீச்சல் செம்பின் அடியில் 'சர்'ரென்று விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. சத்தம் கனத்துக்கொண்டே வந்து, பால் நுரைக்குள் பால் இறங்குகிற சத்தமானது.

"காலைக் கட்டவே இல்லையேடி" என்றாள் அழகி, கேலியில்லாத குரலில்.

ஜன்னத் பீவி பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து ஆற்றிச் சங்கில் ஊற்றினார். சொர்ணவல்லி முதல் சங்கைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். இரண்டாவதற்கு வாயைக் கொண்டுவந்தாள். மூன்றாவதில் பாதியைத் துப்பிவிட்டு, எல்லாரையும் ஒருமுறை பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

"ஆத்தா, மாட்டை ஓட்டிட்டுப் போறேன்னு சொன்னீகளே" என்றார் அடைக்கலம் வாசலிலிருந்து.

ஜன்னத் பீவி தலை நிமிர்ந்தார். அமராவதி சட்டென்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதெல்லாம் வேணாம்" என்று அவரே தொடர்ந்தார். "ராத்திரி இங்கயே தங்கிட்டு, காலையில ஒரு கை பிடிச்சுவிட்டுப் போங்க. இந்தக் கல்தொட்டியை அங்கிட்டுத் தூக்கி வச்சு, மாட்டைத் திருப்பிக் கட்டணும். நான் ஒருத்தனா நகட்ட முடியாது."

சொல்லிவிட்டு அவர் கடப்பாரையைத் தேடப் போனார்.