வேறு பெயரில் ஆடியவன்

மருந்து ஏற்றிய ஊசியோடு நர்ஸ் வருவதைப் பார்த்ததும் கார்மேகம் எழுந்து நின்றான். படுக்கையில் ஜெயசீலன் நினைவில்லாமல் கிடந்தான். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் ஹசன் அலி என்று அச்சடித்திருந்தது.

எல்லாம் கார்மேகத்தின் மூளைதான். வளைகுடாவில், சோனாப்பூரின் தொழிலாளர் கேம்ப்களுக்குள் கால்பந்துப் பந்தயம். அந்தந்தக் கம்பெனி ஆட்கள்தான் ஆடலாம். ஜெயசீலனோ பக்கத்து கேம்ப்பில் வேறு கம்பெனிக்குச் சாரம் கட்டுகிறவன். காய்ச்சலில் படுத்திருந்த தன் அறைத்தோழன் ஹசன் அலியின் அடையாளக் கார்டை வாங்கி ஜெயசீலன் கையில் திணித்தது கார்மேகம்தான். அந்தச் சின்னப் படத்தில் தாடி வைத்த முகமெல்லாம் ஒன்றுபோல்தானே இருக்கும்! அரை மணி நேரம் ஜோராகப் போனது. பிறகு ஜெயசீலன் பந்தோடு பாய்ந்து, காலும் தலையும் இரும்புக் கம்பத்தில் மோத விழுந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் அடையாளம் கேட்டதும் யாரோ அந்தக் கார்டையே நீட்டிவிட்டார்கள்.

ஆள்மாற்றி ஆடுவது இவர்களுக்குப் புதிதில்லை. கல்லூரிக் கடைசி வருஷம், மதுரையில் இறுதி ஆட்டம். ஜெயசீலனுக்கு வருகைப்பதிவு போதவில்லை. பயிற்சியாளர் அவனைக் கார்மேகத்தின் பெயரில் இறக்கினார். கார்மேகம் கூட்டத்தில் உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி ஊரே கத்துவதைக் கேட்டான். இரண்டு கோல். சிறந்த ஆட்டக்காரர் சான்றிதழிலும் கல்லூரிச் சுவர்ப் பலகையிலும் இன்றுவரை கார்மேகம் என்றுதான் இருக்கிறது. பெஞ்சைத் தேய்த்ததைத் தவிர கார்மேகம் ஒன்றும் சாதித்ததில்லை. "பேரு யாருதா இருந்தா என்னலே, காலு என்னுது" என்று ஜெயசீலன் சிரித்தான்.

அன்று சாயங்காலம் மதுரை ஆஸ்பத்திரியில், ஆட்டத்தில் கிழிந்த ஜெயசீலனின் புருவத்துக்குத் தையல் போட்டு, பென்சிலின் ஊசியும் போட்டார்கள். பத்து நிமிஷத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, கண் மேலே செருகிவிட்டது. பென்சிலின் இனி இவனுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றது கார்மேகம் ஒருவன்தான்.

"சிஸ்டர், அது என்ன ஊசி?"

சட்டையில் நஜீஹா என்று பெயர் குத்தியிருந்தவள் நின்றாள். "தமிழா? ஆன்டிபயாடிக்ணே, பென்சிலின் சேந்தது. எலும்பு வெளிய வந்திருக்குல்ல. பயப்படாதீங்க, போன வருஷம் இவருக்கு இங்கயே போட்டிருக்கு. ஃபைல்ல பாத்துட்டேன்."

அது ஹசன் அலிக்குப் போட்டது. கார்மேகம் வாசலைப் பார்த்தான். அங்கே செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார். சொன்னால் போலீஸ் வரும். மூன்று பேரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஜெயிலோ என்னவோ. காய்ச்சலில் கிடக்கும் ஹசன் அலி என்ன பாவம் செய்தான்? நஜீஹா குனிந்து, ஜெயசீலனின் கையில் சொருகியிருந்த சலைன் குழாயின் மூடியைத் திருகினாள்.

"போடாதீங்க!" கத்தியது தான்தான் என்று அவனுக்கே உடனே உறைக்கவில்லை. "செத்துருவான். இவனுக்குப் பென்சிலின் ஆகாது. இவன் ஹசன் அலி இல்ல. கார்டு வேற ஆளோடது, நான்தான் குடுத்தேன்."

அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள். டாக்டருக்குக் குரல் கொடுத்துவிட்டு, மணிக்கட்டுப் பட்டையைக் கத்தரித்தாள்.

"இவரு பேரு?"

"ஜெயசீலன்." சொன்னதும் கார்மேகத்துக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அந்தப் பெயரை இரண்டு ஒட்டுத்தாளில் எழுதினாள். ஒன்றை ஜெயசீலன் கையில் ஒட்டினாள். மற்றதை, அவனுடைய மண் அப்பிய பூட்ஸ் கிடந்த பிளாஸ்டிக் பையில் ஒட்டிக் கார்மேகத்திடம் நீட்டினாள்.

செக்யூரிட்டி எழுந்து போனைக் காதில் வைத்தபடி வந்தார். "உன் பேர் என்ன?" என்று இந்தியில் கேட்டார்.

"கார்மேகம்."

பையின்மேல் மை இன்னும் காயவில்லை. ஜெயசீலன் என்ற பெயரில் விரல் பட்டுவிடாமல் பையைப் பிடித்துக்கொண்டான்.